அகத்தியிலிருந்து போர்ட் பிளேருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கொங்கு நாட்டிலிருந்து கணக்குப் போட ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கம், தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் இயந்திரம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். இயந்திரம் போகும் ஊருக்கெல்லாம் பின்னாலேயே ஒரு ஃபிட்டரும் போயாக வேண்டும். தென்னை செழிக்கும் இடங்களில் பாதி கடலோரமும் தீவுகளும்தான். ஆகையால் ஆட்களை அனுப்பும் பொறுப்பு என் கைக்கு வந்த நாளிலிருந்து, பெரிய நகரங்களைவிடச் சின்னச் சின்ன விமான நிலையங்களைப் பற்றியே அதிகம் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஒருமுறை லட்சத்தீவின் அகத்தியில் வேலையை முடித்த ஃபிட்டர், அங்கிருந்து நேராக அந்தமானுக்குப் போக வேண்டியிருந்தது. "எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா?" என்று போனில் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. டிக்கெட் எடுக்கும் தளத்தில் இரண்டு ஊரையும் போட்டால் நேரடி விமானம் இல்லை என்று மட்டும் வந்தது. அன்று இரவு உட்கார்ந்து நானே போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு, திருப்பூரிலும் கரூரிலும் ஏற்றுமதி அலுவலகங்களில் பயண ஏற்பாடு செய்பவர்களுக்கு, பிள்ளைகளைத் தொலைதூரத்துக்குப் படிக்க அனுப்பும் பெற்றோருக்கு இது பயன்படும். பள்ளியில் படித்த கணக்கே போதும்.

முதலில் குறியீடு

விமான நிலையங்களை ஊர்ப்பெயரால் தேடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டால் தேடுங்கள். கோவை சி.ஜே.பி., சேலம் எஸ்.எக்ஸ்.வி., கொச்சி சி.ஓ.கே., சென்னை எம்.ஏ.ஏ., அகத்தி ஏ.ஜி.எக்ஸ்., போர்ட் பிளேர் ஐ.எக்ஸ்.இசட். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது. அதன் குறியீடு எஸ்.எல்.இ. நம் ஓமலூர் பக்கத்துக் கமலாபுரத்தில் இருக்கும் நிலையத்தைத் தேடப்போய் அங்கே போய் நின்றால் கணக்கு முழுவதும் பாழாகிவிடும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ஆபத்துதான். ஐ.எக்ஸ்.இசட். என்பது போர்ட் பிளேர், ஐ.எக்ஸ்.எல். என்பது லடாக்கில் இருக்கும் லே. ஒன்று கடல் மட்டத்தை ஒட்டிய தீவு, மற்றது 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர்.

போர்ட் பிளேர் நகரத்துக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். படிவங்களில் இரண்டு பெயரையும் பார்ப்பீர்கள், குழம்ப வேண்டாம். பழகிய பெயரையே இங்கே எழுதுகிறேன்.

அடுத்து, பூமியில் அது இருக்கும் இடம்

ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை. மற்றது தீர்க்கரேகை, அதாவது கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை. கூகுள் மேப்பில் ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டும் வந்துவிடும். முதலில் வருவது அட்சரேகை.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியவற்றை இங்கேயே தந்துவிடுகிறேன். அகத்தி 10.82 வடக்கு, 72.18 கிழக்கு. கொச்சி 10.15, 76.40. கோவை 11.03, 77.04. சென்னை 12.99, 80.17. போர்ட் பிளேர் 11.64, 92.73. டெல்லி 28.56, 77.10.

புதியவர்கள் அதிகமாகத் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். பல பட்டியல்களில் இந்த எண்கள் பாகை, கலை என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு பாகைக்கு 60 கலை. அகத்தியின் அட்சரேகை 10 பாகை 49 கலை. அதை 10.49 என்று எழுதிவிடக் கூடாது. ஒரு மணி முப்பது நிமிடத்தை ஒன்றரை மணி என்கிறோம், 1.30 மணி நேரம் என்று பெருக்குவதில்லை அல்லவா, அதேதான். 49-ஐ 60-ஆல் வகுத்தால் 0.82, ஆக 10.82. தவறாக 10.49 என்று எழுதினால் நீங்கள் நிற்கும் இடம் 36 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போகும். அகத்தித் தீவின் மொத்த நீளமே ஏழெட்டு கிலோமீட்டர்தான். தீவைத் தாண்டி நடுக்கடலில் நிற்பீர்கள்.

தென் அரைக்கோளத்து ஊராக இருந்தால் அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். லண்டனில் உள்ள கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தால் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி. அட்லாண்டிக் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினா போன்ற தீவுக்கு இரண்டுமே வரும். நம் பக்கத்து ஊர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கோவையில் இருந்துகொண்டே பழகுங்கள்

இந்தக் கணக்கைக் கற்க கொங்கு நாட்டைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மேலே கொடுத்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். கோவையும் டெல்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, 77.04-க்கும் 77.10-க்கும் வித்தியாசம் சொற்பம். லே விமான நிலையமும் 77.55-இல்தான் இருக்கிறது. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் டெல்லியை ஒட்டிப் போய், லேயின் பக்கத்தில் முடியும். கிழக்கேயும் அப்படியே. அகத்தி, கோவை, போர்ட் பிளேர் மூன்றும் 11 பாகையை ஒட்டிய ஒரே வரிசையில் இருக்கின்றன.

ஆகவே முதல் பாடத்துக்கு முக்கோணமே வேண்டாம். அட்சரேகையில் ஒரு பாகை என்பது பூமியில் எங்கே போனாலும் சுமார் 111 கிலோமீட்டர். டெல்லி 28.56, கோவை 11.03. கழித்தால் 17.53. அதை 111-ஆல் பெருக்கினால் 1,946 கிலோமீட்டர். முடிந்தது. விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமானால் பாகையை 60-ஆல் பெருக்குங்கள், 1,052 கடல் மைல் வரும். ஒரு கலை அட்சரேகைதான் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

தீர்க்கரேகைக்கு மட்டும் இந்த 111 மாறிக்கொண்டே போகும். ஆரஞ்சுச் சுளையைப் போல அந்தக் கோடுகள் எல்லாம் துருவத்தில் போய்க் கூடுவதால், வடக்கே போகப் போக இடைவெளி குறுகும். 111-ஐ அந்த ஊரின் அட்சரேகையின் கோசைனால் (கால்குலேட்டரில் cos என்ற பொத்தான்) பெருக்க வேண்டும். நம் ஊரில் 109 கிலோமீட்டர். லேயில் 92. நார்வேக்கும் வடக்கே, 78 பாகையில் இருக்கும் லாங்யியர்பியன் விமான நிலையத்தில் வெறும் 23.

கோவையிலிருந்து போர்ட் பிளேர் இப்போது எளிது. 92.73-இல் 77.04 போனால் 15.69. 109-ஆல் பெருக்கினால் 1,710 கிலோமீட்டர்.

இரண்டு திசையிலும் விலகி இருக்கும் ஊர் என்றால் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம். கோவைக்கும் சென்னைக்கும் வடக்கே 1.96 பாகை, அதாவது 218 கிலோமீட்டர். கிழக்கே 3.13 பாகை, அதாவது 341. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 405 கிலோமீட்டர். ரயில் தண்டவாளம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. வானத்தில் சேலமும் ஜோலார்பேட்டையும் குறுக்கே வருவதில்லை.

தூரம் கூடும்போது

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால், அதிலும் வடக்கே உயரமான அட்சரேகைகளில், தட்டையான தாளில் போடும் முக்கோணம் பொய் சொல்லத் தொடங்கும். பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, சுவரில் மாட்டிய வரைபடத்தில் வளைந்த கோடாகத் தெரியும். 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த ஏர் இந்தியா விமானம், முழுக்கப் பெண் விமானிகளே ஓட்டி, வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக் கடலைத் தாண்டி வருவதுதான் நேர்வழி என்று தோன்றும். ஒரு பந்தை எடுத்து, இரண்டு ஊர் இருக்கும் இடத்திலும் விரல் வைத்து, நடுவில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். என் மகளுக்கு அப்படித்தான் விளக்கினேன். ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

உருண்டைக் கணக்கு இது. சயன்டிஃபிக் கால்குலேட்டர் வேண்டும், போனிலேயே இருக்கிறது. அது பாகை அளவில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருந்தால் விடை அபத்தமாக வரும். இரண்டு ஊர்களின் அட்சரேகைகளுக்கும் சைன் எடுத்துப் பெருக்குங்கள். தனியாக, இரண்டுக்கும் கோசைன் எடுத்துப் பெருக்கி, அதோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டு விடையையும் கூட்டி, ஷிஃப்ட் பொத்தானோடு கோசைன் பொத்தானை அழுத்தினால் பாகையில் ஓர் எண் வரும். அதை 111.19-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்பதிலிருந்து வருவதுதான் இந்த 111.19.

அகத்திக்கும் போர்ட் பிளேருக்கும் போட்டுப் பார்ப்போம். சைன்களின் பெருக்கல் 0.0379. தீர்க்கரேகை வித்தியாசம் 20.55 பாகை. கோசைன்கள் மூன்றும் பெருக்கினால் 0.9008. கூட்டினால் 0.9387. அதற்குரிய பாகை 20.17. கிலோமீட்டரில் சுமார் 2,243.

அந்த இரவு இந்த எண்ணைக் கண்டதும் எனக்கு இன்னொன்று தோன்றியது. அகத்திக்கும் கோவைக்கும் 532, கோவைக்கும் போர்ட் பிளேருக்கும் 1,712 என்று துல்லியமாகப் போட்டு வைத்திருந்தேன். கூட்டினால் 2,244. அப்படியென்றால் நேர்க்கோடு நம் தலைக்கு மேலேயே போகிறது! வரைந்து பார்த்தேன். அகத்தியிலிருந்து புறப்படும் கோடு கோவை விமான நிலையத்துக்கு வடக்கே 12 கிலோமீட்டரில், கோவில்பாளையம் பக்கம் வருகிறது. திருப்பூருக்குச் சற்று வடக்கே கடந்து, சென்னிமலையை ஒட்டி, நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. இந்தியாவின் இரண்டு ஓரத்துத் தீவுகளை இணைக்கும் கோடு கொங்கு நாட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது என்பது, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை தெரியாது. அந்த வரைபடத்தை இன்றும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தூரத்தை நேரமாக மாற்றுதல்

ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சேலத்துக்கும் அகத்திக்கும் வரும் ஏடிஆர் 72, இறக்கையில் காற்றாடி சுழலும் வகை, சுமார் 500. தூரத்தை வேகத்தால் வகுத்து, அதோடு ஜெட்டுக்கு 35 நிமிடம், ஏடிஆருக்கு 25 நிமிடம் கூட்டுங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். டெல்லி போன்ற நெரிசலான இடத்துக்கு 40 நிமிடம் வைக்கலாம். 500 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊருக்கு ஜெட் வேகத்தை 700 என்று எடுத்துக்கொள்ளுங்கள், முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

சரிபாருங்கள். கோவையிலிருந்து டெல்லி 1,946-ஐ 830-ஆல் வகுத்தால் 2 மணி 21 நிமிடம். நாற்பதைக் கூட்டினால் 3 மணி நேரம். டிக்கெட்டில் போட்டிருப்பதும் அதை ஒட்டியே இருக்கும்.

காற்றும் கணக்கில் வரும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வந்து நம் தென்னைகளை உலுக்கும் அதே மாதங்களில், ஜெட் விமானம் பறக்கும் உயரத்தில் தென்னிந்தியாவின் மேல் காற்று எதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. தரையில் நின்று காற்றைப் பார்த்து மேலே நடப்பதைக் கணிக்க முடியாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோமீட்டர். காற்றில்லாமல் 99 நிமிடப் பறப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் 110 நிமிடம், அதே காற்று முதுகைத் தள்ளினால் 90 நிமிடம். போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறு நேரமும் டிக்கெட்டில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடிகார விஷயத்தில் வெளிநாட்டுக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தந்த ஊரின் நேரம். ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோவையில் 4 மணிக்கு ஏறி, ஷார்ஜாவில் 6.30-க்கு இறங்கினால் பயணம் இரண்டரை மணி நேரம் இல்லை, 4 மணி நேரம்.

உள்நாட்டில் ஒரே கடிகாரம், ஆனால் ஒரே சூரியன் இல்லை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில், போர்ட் பிளேரில் அகத்தியைவிட 82 நிமிடம் முன்னதாகப் பொழுது விடிகிறது, கோவையைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக முன்னால். டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் அங்கே இருட்டத் தொடங்கிவிடும். மதியம் இறங்கி அன்றே இயந்திரத்தைப் பார்த்துவிடலாம் என்று ஃபிட்டருக்குத் திட்டம் போட்டுக் கொடுக்காதீர்கள். வெளிச்சம் போய்விடும்.

நேரடி விமானம் ஏன் இல்லை

2,243 கிலோமீட்டரை ஜெட் விமானம் 3 மணி 17 நிமிடத்தில் கடந்துவிடும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அப்படி ஒரு விமானம் இல்லை. காரணத்தை வானத்தில் தேடாதீர்கள், தரையில் பாருங்கள்.

அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர். தீவு அதற்கு மேல் இடம் கொடுப்பதாக இல்லை. ஏ320 போன்ற விமானம் அங்கே இறங்க முடியாது. இறங்கக்கூடிய ஏடிஆரோ, பயணிகள் நிறைந்திருந்தால் சுமார் 1,400 கிலோமீட்டர்தான் பறக்கும். அகத்தியில் இறங்கும் விமானம் போர்ட் பிளேரை எட்டாது, போர்ட் பிளேரை எட்டும் விமானம் அகத்தியில் இறங்காது. தொலைதூர நிலையம் எதுவானாலும் தூரத்துக்கு முன்னால் ஓடுபாதையின் நீளத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த ஓர் எண்ணைப் பார்த்தாலே எந்த விமானம் வரும், எத்தனை பேர் ஏறுவார்கள், பெட்டியின் எடையை எவ்வளவு கறாராகப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும். லேயில் வேறு விதமான கட்டுப்பாடு. உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது, பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசுகிறது. அதனால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுகின்றன. செயின்ட் ஹெலினா தீவின் விமான நிலையம் 2016-இலேயே கட்டி முடிந்தும், ஓடுபாதையருகே திடீரெனத் திசைமாறும் காற்றால் முறையான பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் தொடங்கியது.

உண்மையான பயணம்

எங்கள் ஃபிட்டர் போனது அகத்தி, கொச்சி, சென்னை, போர்ட் பிளேர் என்ற வழியில். தூரம் முறையே 468, 518, 1,372. மொத்தம் 2,358 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட 115 கிலோமீட்டர்தான் அதிகம். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் போய் வரும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. பறக்கும் நேரம் 1 மணி 21, 1 மணி 12, 2 மணி 14 நிமிடங்கள். கூட்டினால் 4 மணி 47 நிமிடம்.

ஆனால் அவர் அகத்தியில் ஏறியது நண்பகல், போர்ட் பிளேரில் இறங்கியது மறுநாள் காலை ஒன்பது மணி. 21 மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது ஐந்து மணி நேரம்கூட இல்லை. மிச்சமெல்லாம் கொச்சியில் காத்திருந்ததும் சென்னையில் படுத்தெழுந்ததும். ஆகவே கிலோமீட்டர் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, உங்கள் கவனத்தை எல்லாம் காத்திருப்பில் செலவிடுங்கள்.

அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகள் இவை. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்கள் என்றால் நடுவில் இரண்டு மணி நேரம். தனித்தனி டிக்கெட் என்றால் நான்கு மணி நேரத்துக்குக் குறைய விடமாட்டேன், ஏனென்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் நம்மை ஏற்கக் கடமைப்படவில்லை. பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், செக்-இன் கவுன்டரோ பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். தீவிலிருந்து வெளியே வரும் விமானம் என்றால் மணிக்கணக்கே போதாது, நடுவில் ஓர் இரவு வையுங்கள். இதை நான் பணம் கட்டிக் கற்றேன். ஒருமுறை தீவு விமானம் மழையால் ரத்தானது. அதே நாளின் மாலை விமானத்துக்கு நான் தனியாக எடுத்திருந்த டிக்கெட்டின் பணம் திரும்பவில்லை. பணம் போனதைவிட, அந்த ஃபிட்டர் மாற்றுத் துணிகூட இல்லாமல் இரண்டு நாள் தங்க நேர்ந்தது மனதை அறுத்தது. இப்போது கைப்பையில் இரண்டு நாள் துணியும், தினசரி மருந்து இருந்தால் அதுவும் வைக்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் பயணத்தோடு சேருங்கள். பொள்ளாச்சியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், திருப்பூரிலிருந்தும் கிட்டத்தட்ட அதே. பஸ்ஸில் வருபவர்கள் அவிநாசி சாலையில் சித்ரா நிறுத்தத்தில் இறங்கினால் உள்ளே போகக் கொஞ்ச தூரம்தான். அகத்திக்குக் கொச்சியில் ஏற வேண்டும் என்றால், பாலக்காடு, திருச்சூர் வழியாக, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்குச் சாலையில் நான்கு மணி நேரம் வையுங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்தவர்கள் கோவைக்கு ஓடுவதற்கு முன்னால் சேலத்தைப் பாருங்கள். அங்கே 2023 அக்டோபரில் விமான சேவை மறுபடி தொடங்கியது. அங்கேயும் ஓடுபாதை சிறியதுதான், சுமார் 1,800 மீட்டர், ஏடிஆர் வந்து போகிறது.

அனுமதியை மறக்காதீர்கள். லட்சத்தீவுக்கு, தீவைச் சேராத இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி கட்டாயம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள். போர்ட் பிளேருக்கு இந்தியர்களுக்கு அப்படி வேண்டியதில்லை, பழங்குடியினரின் காப்புப் பகுதிகள் வேறு கதை.

ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் செக்-இன் பெட்டியில் போக வேண்டும், பவர் பேங்க் மட்டும் கைப்பையில். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான் இலவசம். கனமான உதிரி பாகங்களை ஆளோடு அனுப்பாதீர்கள். கொச்சியிலிருந்து தீவுகளுக்கும், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் கப்பல் போகிறது. போர்ட் பிளேருக்கு இரண்டரை நாள் வரை ஆகும், அதற்கேற்ப முன்கூட்டியே அனுப்பிவிட்டால் ஆளும் பாகமும் ஒரே வாரத்தில் சேர்ந்திருக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, போகிறவர் கையில் கொடுங்கள். தீவுகளில் சிக்னல் நம்பிக்கைக்குரியது இல்லை. எந்த விமானம், எத்தனை மணிக்கு, எங்கே பெட்டியை எடுக்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டாம், இரவு தங்குமிடத்தின் முகவரி, பெரிய எழுத்தில், தமிழில். அடியில் அவர் வீட்டாரின் போன் எண்ணும் பட்டறையின் போன் எண்ணும். அதன் நகல் ஒன்றை அவர் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஃபிட்டரின் அம்மா அந்தத் தாளைச் சமையலறைக் காலண்டரில் செருகி வைத்துக்கொண்டு, மகன் சென்னையில் இறங்கும் நேரத்துக்குச் சரியாக எனக்குப் போன் செய்து, "தம்பி, இறங்கிவிட்டானா?" என்று கேட்டார். இறங்கியிருந்தார், பதினொரு நிமிடம் முன்னதாகவே.